காரைக் கடலும் நெடுங்கழுத்தனும்

திருப்பூரிற் பிறந்து, பனியன் கம்பெனிகளின் ஓசையிடையே வளர்ந்த ஒருவன் கடற்பிராணியைப் பற்றி எழுத முன்வருவது நண்பர் சிலர்க்கு நகை விளைக்கலாம். எங்கள் ஊரார்க்குக் கடல் என்பது, தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் லாரிகளின் மறுமுனையில் உள்ளதொரு சொல்; அவ்வளவே. போதாக்குறைக்கு நான் தமிழ் ஆனர்ஸ் மாணவன். எலும்பும் கல்லும் எனக்குரிய பாடங்களல்ல. எனினும், சென்ற ஆண்டு விலங்கியல் பயிலும் நண்பர் ஒருவருடன் திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே காரை என்னும் சிற்றூர்க்குச் சென்றுவந்த நாள் முதலாக, ஒரு பிராணியின் கழுத்து என் நினைவை விட்டு அகலாதிருக்கின்றது. அதன் விருத்தாந்தத்தையே ஈண்டுச் சொல்லப் புகுகின்றேன்.

அப்பிராணிக்கு மேனாட்டார் இட்ட பெயர் பிளீஸியோஸாரஸ் என்பது. கிரேக்க மொழியில் 'பல்லிக்கு அண்மையது' என்பது இதன் பொருள். பெயரைக் கேட்டால், பெயரிட்டவர்கள் அதனை இன்னதென்று துணிய மாட்டாமல் தயங்கினர் என்பது விளங்கும். நேர்மையான பெயர்தான், ஆயினும் தமிழ் நாவிற்கு எளிதன்று. 'அண்மைப் பல்லி' என்று மொழிபெயர்த்தால் சுவரிலுள்ள பல்லியே நினைவுக்கு வரும். ஆதலின் இக்கட்டுரையில் அதனை நெடுங்கழுத்தன் என்றே அழைக்கின்றேன். புலவர் பெருமக்கள் இதனினும் நல்லதொரு பெயர் தருவாராயின் மகிழ்வுடன் ஏற்பேன்.

நெடுங்கழுத்தன் டைனோஸர் இனத்தைச் சேர்ந்ததன்று. டைனோஸர்கள் நிலத்தில் உலாவிய காலத்தில் கடலில் வாழ்ந்த வேறொரு ஊர்வன இனம் அது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகட்கு முன் தோன்றி, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன், டைனோஸர்கள் அழிந்த அதே பேரழிவில் மறைந்தது. ஆமையின் உடலுக்குள் பாம்பொன்றைக் கோத்து விட்டாற்போன்றது என்று சென்ற நூற்றாண்டுகளின் ஆங்கிலேயர் இதனை வருணித்தனர். சிறிய தலை, ஊசிபோன்ற பற்கள், அகன்று தட்டையான உடல், குறுகிய வால், கால்களுக்குப் பதிலாக நான்கு துடுப்புக்கள். இவ்வினத்திலேயே கழுத்துக் குறுகித் தலை பெருத்த வகைகளும் உண்டு. ஆனால் உலகத்தாரின் மனத்தைக் கவர்ந்தது நீண்ட கழுத்துடைய வகையே.

அக்கழுத்தின் அமைப்பைச் சற்று ஆராய்வோம். ஒட்டகச் சிவிங்கியின் கழுத்து நெடியதே. ஆயினும் அதில் உள்ள எலும்புகள் நமக்குள்ளவாறே ஏழுதான். ஒவ்வொன்றும் நீண்டு வளர்ந்ததால் கழுத்து நீண்டது. நெடுங்கழுத்தன் வேறு வழியை மேற்கொண்டது. எலும்பின் எண்ணிக்கையையே பெருக்கிக்கொண்டது. அமெரிக்காவின் கான்ஸாஸ் பிரதேசத்தில் அகப்பட்ட எலாஸ்மோஸாரஸ் என்பதன் கழுத்தில் 72 எலும்புகள். கழுத்து மட்டும் 23 அடி நீளம். கானடா தேசத்திற் கிடைத்து 2012-இல் பெயரிடப்பெற்ற ஆல்பர்ட்டோனெக்டெஸ் என்பதற்கு 76 எலும்புகள். இதுகாறும் அறியப்பட்ட எந்தப் பிராணியின் கழுத்திலும் இத்துணை எலும்புகள் இல்லை.

இவ்வளவு எலும்புகள் இருப்பின் கழுத்துப் பாம்புபோல் வளைந்து நெளியும் என்றே எவரும் எண்ணுவர். பழைய ஓவியர்கள் அன்னப்பறவையின் கழுத்தைப் போல நீர்மேல் உயர்த்தி வளைத்தே எழுதினர். உண்மை அதுவன்று. ஒவ்வோர் எலும்பும் அடுத்ததனோடு நெருங்கிப் பொருந்தியிருத்தலின், ஒரு மூட்டில் உண்டாகும் அசைவு மிகச் சிறிது. அன்றியும், நீரினுள் மிதக்கும் கழுத்தை நீர் தாங்கும். காற்றில் தூக்கினாலோ அதன் பாரத்தை உடல் தாங்காது. தலையை உயர்த்த முயன்றால் உடலின் முன்புறமே அமிழ்ந்துபோகும். ஆகவே அது கழுத்தை முன்னே நீட்டியவண்ணம் நீந்தியது என்றும், பெரிய உடல் கலங்கல் நீரில் மறைந்திருக்கச் சிறிய தலை மட்டும் மீன் கூட்டத்தினுள் புகுந்து இரை கவர்ந்தது என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். வேறு சில, கடலடியிலே மேய்ந்தன. ஆஸ்திரேலியாவில் கிடைத்த சில எலும்புக்கூடுகளின் வயிற்றிடத்தே சிப்பி, நத்தை, நண்டு முதலியவற்றின் துண்டுகள் இருந்தன. வயிற்றில் கூழாங்கற்களும் இருந்தன. இரையை அரைக்கவோ, உடலைச் சமன் செய்யவோ அவை விழுங்கப்பட்டன என்பதில் அறிஞர்களிடையே ஒருமைப்பாடு இல்லை.

துடுப்புக்களின் செய்தியும் வியப்பானதே. ஆமை முன்கால்களால் நீந்துகிறது. மீன் வாலால் நீந்துகிறது. நான்கு துடுப்புக்களும் ஏறக்குறைய ஒத்த அளவினவாய் நீந்திய பிராணி இதுவன்றி வேறில்லை. 2017-இல் இங்கிலாந்தில் செயற்கைத் துடுப்புக்களைத் தண்ணீரில் அசைத்துப் பார்த்தனர். முன் துடுப்புக்கள் எழுப்பும் சுழல்களைப் பின் துடுப்புக்கள் தக்க சமயத்திற் பற்றிக்கொண்டால், பின் துடுப்புக்களின் உந்துவிசை 60 விழுக்காடு வரை மிகுகின்றது எனக் கண்டனர். இன்னொன்று: இவ்வினம் கரையேறி முட்டையிடவில்லை, கடலிலேயே குட்டி ஈன்றது. கான்ஸாஸில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டின் வயிற்றினுள் ஒரே ஒரு குட்டி இருந்ததை 2011-இல் அறிவித்தனர். தாயின் நீளம் 15 அடி. பிறவாத குட்டிக்கோ 5 அடி. பல முட்டையிட்டுப் போய்விடும் ஊர்வன போலன்றி, திமிங்கிலத்தைப் போல் ஒரு சேயைப் பெற்றுப் பேணியிருக்கலாம் என்று அவ்வறிஞர் எண்ணினர். இதனை வாசித்தபோது, இப்பிராணியிடத்து எனக்கு ஒருவகை உறவு தோன்றியது என்பதை ஒளியாமற் கூறுகின்றேன்.

இத்தகைய பிராணி ஒன்று இருந்ததென்று உலகம் அறிந்தது ஓர் ஏழைப் பெண்மணியால். இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்னும் ஊரில் 1799-இல் பிறந்த மேரி அனிங் என்பார், தச்சர் ஒருவரின் மகள். 1810-இல் தந்தை இறந்தபின், கடலோரப் பாறைகளிலிருந்து சரியும் சேற்றில் கற்சிப்பிகளையும் எலும்புகளையும் பொறுக்கி, அவ்வூருக்கு வரும் பிரயாணிகளிடம் விற்று அக்குடும்பம் பிழைத்தது. 1823-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மேரி அனிங் ஒரு முழு நெடுங்கழுத்தனைத் தோண்டி எடுத்தார். அதன் சித்திரத்தைக் கண்ட பிரான்ஸ் தேசத்துப் பேரறிஞர் கூவியே, இத்துணை எலும்புகளுள்ள கழுத்து இருக்கவியலாது, இரு வேறு பிராணிகளை ஒட்டவைத்திருக்கலாம் என்று ஐயுற்றார். பின்னர் ஆராய்ந்து தம் ஐயத்தைக் கைவிட்டார். 1824 பெப்ருவரியில் லண்டன் பூகர்ப்ப சாஸ்திர சங்கத்தில் அதனைப் பற்றிக் கட்டுரை படித்தவர் கானிபியர் என்னும் குருவானவர். தேவாலய ஊழியர் ஒருவரே இவ்வாராய்ச்சியில் முன்னின்றார் என்பது நம் கல்லூரியார்க்கு உவப்பளிக்கும். ஆனால் அக்கட்டுரையில் மேரி அனிங்கின் பெயர் இடம்பெறவில்லை என்பது உவப்பளிக்கக் கூடியதன்று. பெண்கள் அச்சங்கத்தில் உறுப்பினராக 1919 வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கு 72 ஆண்டுகள் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

கழுத்தைக் குறித்து இன்னொரு வேடிக்கையும் உண்டு. கான்ஸாஸ் எலும்புகளை 1868-இல் ஆராய்ந்த கோப் என்னும் அமெரிக்க அறிஞர், தலையைக் கொண்டுபோய் வாலின் நுனியில் பொருத்திவிட்டார்! இவ்வளவு நீண்டது வாலாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். 1870-இல் லைடி என்பார் பிழையை எடுத்துக்காட்டவே, கோப் தம் நூற்படிகளைத் திரும்ப வாங்கிவிட முயன்றார். பிழை திருத்தக் கூடியதே. அச்சேறியபின் மறைத்தல் அரிது. நம் சஞ்சிகையில் எழுதுவோர் நினைவில் கொள்ளத்தக்கது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். எங்கள் திருப்பூர் வட்டாரத்தில் நெடுங்கழுத்தன் கிடைக்குமா என்று இளமையில் நொய்யல் கரையில் தேடியதுண்டு. தேடியது வீண் என்பதைப் பின்னர் அறிந்தேன். எங்கள் நிலத்தின் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய மிகப் பழைய கற்கள். காங்கேயத்தையடுத்த சிவன்மலைப் பாறைகளைப் பற்றி ஹாலந்து என்னும் ஆங்கிலேயர் 1901-இல் தனி நூலே எழுதினார். அருகிலுள்ள படியூரில் 1819-20-இல் ஹீத் என்பவர் பச்சைக்கல் தோண்டினார். மணிகள் கிடைக்கும், எலும்பு கிடைக்காது. கடலின் அடியிற் படிந்த மண்ணைத் தேடினால் கிழக்கே செல்லவேண்டும்.

ஈரோடு, கரூர் வழியாகத் திருச்சிக்கு ரயிலேறி, அங்கிருந்து பஸ்ஸில் பாடாலூர் சென்று, கிழக்கே ஊட்டத்தூர்ப் பக்கம் திரும்பினால் காரைக்குப் போகலாம். இன்றைய கடற்கரை அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஊரைத் தாண்டியதும் நிலம் திடீரென்று மாறுகின்றது. மரமில்லை, பயிரில்லை. செம்மையும் மஞ்சளும் சாம்பலும் கலந்த களிமண் மேடுகள், மழைநீர் அறுத்த ஓடைகள், இடையிடையே கண்ணாடித் துண்டுபோல் மின்னும் ஜிப்ஸம். குறிஞ்சி நிலமும் முல்லை நிலமும் வறண்டு பாலையாவதை இலக்கணத்திற் படித்திருக்கின்றோம். நெய்தல் பாலையாகிக் கிடப்பதைக் காரையிலேதான் கண்டேன்.

குனிந்து பார்த்தால் துப்பாக்கி ரவை போன்ற கற்கள் சிதறிக் கிடக்கும். அவை பெலெம்நைட் என்னும், கணவாய் மீனுக்கு உறவான பிராணியின் உடலுக்குள் இருந்த ஓடு. கண்டகி நதியிற் கிடைக்கும் சாளக்கிராமத்தில் காணப்படுவது போன்று சுருண்ட அம்மொனைட்டுகளும் இப்பகுதியில் உண்டு. இந்தியா அண்டார்ட்டிக்காவினின்றும் ஆஸ்திரேலியாவினின்றும் பிரிந்து, தனித்தீவாய் வடக்கு நோக்கி நகர்ந்த காலத்தில், அப்பிளவின் வழியே புகுந்த கடல் இங்கே நின்றது. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகட்கு முன் அக்கடலடியிற் படிந்த களிமண்ணே காரையின் களிமண்.

இதனை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த இவர், 1857 முதல் இப்பகுதியில் அலைந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அவ்வகுப்பே இன்றும் அடிப்படையாக நிற்கின்றது. நம் சிற்றூர்களின் பெயர்கள் உலகத்துப் பூகர்ப்ப நூல்களிலெல்லாம் ஏறியிருப்பது அவரால்தான். அதன்பின் லைடெக்கர் என்பார், திருச்சி ஜில்லாவில் கிடைத்த முதுகெலும்புகள் சிலவற்றைக் கொண்டு 1879-இல் 'இக்தியோஸாரஸ் இண்டிகஸ்' என்றொரு பிராணிக்குப் பெயரிட்டார். இக்தியோஸாரஸ் என்பது 'மீன் பல்லி'. நெடுங்கழுத்தனின் காலத்தோழன், ஆனால் கழுத்தே இல்லாதது, உருவில் ஓங்கில் மீனை ஒத்தது. காரைக் களிமண்ணிலிருந்து இவ்வினத்தின் பற்களையும் சுறாக்களின் பற்களையும் ஆராய்ந்து 2011-இல் அறிஞர் சிலர் கட்டுரை வெளியிட்டனர். தமிழ்நாட்டுக் கடலில் மீன் பல்லி நீந்தியது என்பது ஆகவே ஐயமற்றது.

நெடுங்கழுத்தனோ? இந்தியாவில் அவ்வினத்திற்குப் பெயர் பெற்றுத் தந்தது கட்ச் பிரதேசம். அங்கு உமியா என்னுமிடத்துப் பாறைகளினின்றும் கிடைத்த தாடைத் துண்டொன்றைப் பார்த்து, அதே லைடெக்கர் 1877-இல் 'பிளீஸியோஸாரஸ் இண்டிகஸ்' எனப் பெயரிட்டார். ஒரு துண்டு எலும்பு! அதனைக் கொண்டு இனத்தைத் துணிதல் இயலாது என்பது இக்காலத்தார் கொள்கை. அதே கட்ச் பிரதேசத்தில் லோடாய் என்னும் ஊரருகே, ஏறத்தாழ முழுமையான மீன் பல்லியின் எலும்புக்கூட்டை டெல்லிப் பல்கலைக்கழகத்தாரும் ஜெர்மானியரும் சேர்ந்து எடுத்து 2017-இல் வெளியிட்டனர். நீளம் சுமார் 18 அடி. 140 ஆண்டுகள் கழித்தும் தேடுவோர்க்கு ஒன்று அகப்பட்டது.

தமிழ்நாட்டில் பெயர்சூட்டப் பெற்ற நெடுங்கழுத்தன் இல்லை. ஆயினும் இருந்திராது என்று சொல்வதற்கில்லை. மீன் பல்லிகள் 9 கோடி ஆண்டுகட்குச் சற்று முன்பே அழிந்தன. நெடுங்கழுத்தன்களோ அதன்பின்னும் பலகாலம் செழித்து, தென் கடல்கள் எங்கும் பரவின. நியூஸிலாந்து, அண்டார்ட்டிக்கா, பட்டகோனியா ஆகிய இடங்களிலெல்லாம் அவற்றின் எலும்புகள் அகப்பட்டுள்ளன. அந்தக் காலத்துக் கடல்மண்ணே அரியலூர்த் தொகுதி. சுண்ணாம்புக்காகச் சிமெண்டு ஆலைகள் நாள்தோறும் வெட்டிக்கொண்டிருப்பதும் அதனைத்தான்.

இங்கே ஒரு வருத்தம். இப்பகுதியில் கிடைத்தவை பல கைநழுவிப் போயின. அரியலூர் ஜில்லா கல்லமேட்டில் கண்டெடுத்த பேருருவ டைனோஸர் ஒன்றுக்கு 1987-இல் பிருஹத்காயோஸாரஸ் எனப் பெயரிட்டனர். அவ்வெலும்புகள் சிதைந்து மண்ணாயின. இன்று எஞ்சியவை படங்களும் அளவுக் குறிப்புக்களுமே. அது உண்மையில் எவ்வளவு பெரியது என்ற வழக்கை இனித் தீர்ப்பது எங்ஙனம்? 2020-இல் பெரம்பலூர் ஜில்லா குன்னத்தில் மண் தோண்டியபோது கிடைத்த உருண்டைகளை டைனோஸர் முட்டைகள் என்று ஊரெல்லாம் பேசினர். அவை அம்மொனைட்டைச் சுற்றி இறுகிய கடல்மண் உருண்டைகளே என்று அறிந்தோர் பின்னர் விளக்கினர். முட்டை என்றால் கூட்டம் கூடுகின்றது. அம்மொனைட் என்றவுடன் கலைந்துவிடுகின்றது.

பிறரைச் சொல்வானேன்? குற்றம் என்னிடத்தும் உண்டு. காரையில் நான் வட்டமான கல் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டேன். உள்ளங்கை அளவு, இருபுறமும் சற்றே குழிந்தது. எலும்போ வெறுங்கல்லோ தெரியவில்லை. ஊர் திரும்பியதும் தந்தையாரிடம் காட்டினேன். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த எடத்துல எடுத்தேன்னு எழுதி வெச்சியா கண்ணு?" என்றார். காரையில் என்றேன். "காரையில எங்கே? மேட்டுலயா, ஓடையிலயா? மண்ணுக்குள்ள இருந்துதா, மேல கெடந்துதா?" எனக்கு விடை தெரியவில்லை. அவர் சிரித்து, "லாட் நம்பர் இல்லாத கட்டு மாதிரி பண்ணிட்டயே" என்றார்.

திருப்பூரை அறியாதார்க்கு இதனை விளக்கவேண்டும். சாயமேற்றிய துணி ஒரு லாட்டிற்கும் இன்னொரு லாட்டிற்கும் நிறத்திற் சிறிது வேறுபடும். ஆகவே வெட்டிய முன்துண்டு, பின்துண்டு, கைத்துண்டு ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டுக் கட்டுவர். எண் இழந்த கட்டில் துணி நல்லதாயினும், எதனோடு எதனைத் தைப்பது என்று தெரியாது. தைத்தால் மார்பு ஒரு நிறமாகவும் கை ஒரு நிறமாகவும் நிற்கும். கோப் என்னும் அறிஞர் வாலில் தலையைத் தைத்ததும் ஏறக்குறைய இதுதான். என் கல்லை விலங்கியல் நண்பரின் ஆசிரியர் பார்த்தார். எலும்பாக இருக்கலாம் என்றார். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாமல் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல மறுத்துவிட்டார். மறுத்தது சரியே.

மேனாட்டில் நெடுங்கழுத்தன் இன்னும் உயிரோடிருப்பதாக நம்புவோரும் உளர். ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் அது தலைதூக்குவதாக 1934-இல் வெளியான படம் வெறும் பொம்மையைக் கொண்டு எடுத்தது என்பது 1994-இல் வெளிப்பட்டது. அவ்வேரி சுமார் 10,000 ஆண்டுகட்கு முன்வரை பனிக்கட்டியின் கீழ்க் கிடந்தது என்பதை நினைத்தாலே போதும். 1977-இல் நியூஸிலாந்துக்கு அருகே ஜப்பானிய மீன்பிடி கப்பல் வலையிற் சிக்கிய அழுகிய உடலும் அவ்வாறே. தசையைச் சோதித்ததில் பெருஞ்சுறா என்றே தெரிந்தது. இல்லாததைத் தேடி ஏரியில் காவல் இருப்போரைவிட, ஜப்பான் தேசத்து உயர்நிலைப்பள்ளி மாணவர் சுஸுகி என்பவரிடமே எனக்கு மதிப்பு அதிகம். 1968-இல் இவாகி என்னும் ஊரில் ஆற்றங்கரைப் பாறையில் எலும்பைக் கண்டு, அறிந்தோர்க்கு அறிவித்தார். அது நெடுங்கழுத்தன். முறைப்படி ஆராய்ந்து 2006-இல் பெயரிட்டபோது, ஃபுடாபாஸாரஸ் சுஸுகியை என்று அவர் பெயரையே சேர்த்தனர்.

அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர் பலர். அவர்கள் பொருட்டு, விலங்கியல் நண்பர் எனக்குக் கற்பித்த அடையாளத்தை இங்கே எழுதிவிடுகின்றேன். மீன் பல்லியின் முதுகெலும்பு மெல்லிய வட்டத் தட்டுப்போல இருக்கும். இருபுறமும் நடுவே ஆழமாகக் குழிந்திருக்கும். நெடுங்கழுத்தனுடையது தடித்தது, தையல் மெஷின் பாபினைப் பெரிதாக்கினாற் போன்றது, இருமுகங்களும் தட்டையாகவோ சற்றே குழிந்தோ இருக்கும். அதனைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்த்தால், நடுவில் இரண்டு சிறு துளைகள் அருகருகே காணப்படும். இரத்தக் குழாய்கள் சென்ற வழி அவை. அத்துளைகளைக் கண்டால் கல்லை இருந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடத்தையும் மண்ணின் நிறத்தையும் எழுதிக்கொண்டு, பூகர்ப்ப சாஸ்திரம் கற்பிக்கும் ஆசிரியர் எவர்க்கேனும் தெரிவிக்க வேண்டும்.

என் கல்லின் அடிப்புறம் தேய்ந்திருக்கின்றது. ஒரு துளை இருப்பதுபோல் சில வேளை தோன்றுகின்றது. விளக்கை மாற்றிவைத்தால் மறைகின்றது. டிசம்பர் விடுமுறையில் நானும் நண்பரும் மீண்டும் காரைக்குச் செல்ல எண்ணியுள்ளோம். தந்தையார் தம் அளவு நாடாவையும், கட்டுக்களில் ஒட்டும் எண் சீட்டு ஒரு சுருளையும் கொடுத்திருக்கின்றார்.